ஐந்தாவது ஏன்

பயமுறுத்த வேண்டிய வரி வலப்பக்கத்தில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால், இடப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசகரின் கண் அதைத் தொட்டுவிடும். தாளைப் புரட்டியதும் அடுத்த இடப்பக்கத்தின் உச்சியில் அது நிற்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஓடுகிற கடை. நான் போனபோது அவருடைய திரையில் ஒரு பேய்க்கதைத் தொகுப்பு இருந்தது. "பொரட்டுறதுக்கு ஒரு நொடி ஆகுதில்ல சார், அந்த நொடியிலதான் அவங்க பயப்படணும்" என்றபடி, பத்தி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி, ஒரு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார்.

பக்கத்தில் நின்றிருந்தவர் நூலாசிரியர். செங்கம் பக்கத்துக் கிராமம், ஐ.டி.ஐ. ஃபிட்டர், ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். சி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார். இது அவருக்கு முதல் புத்தகம். பதிப்பகம் எதற்கும் அனுப்பவில்லை. "அனுப்பினா வருஷக்கணக்குல ஆகும்னாங்க சார். அதுக்குள்ள என் கான்ட்ராக்ட்டே முடிஞ்சிடும்." ஓவர்டைம் பணமும் ஒரு சீட்டுப் பணமும் சேர்த்து, சொந்தப் பதிப்பாகப் போடுகிறார். அவருடைய ஒரு கதையை நண்பர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் ஆளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் பலருக்கும் ராமாநுஜர் பிறந்த ஊராகவும் 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமாகவும் தெரியும். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருளத் தொடங்கின. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டு ரோட்டில் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். இறங்கும் முகங்களில் பெரும்பாலானவை முப்பது வயதைத் தொடாதவை. இவர்களைப் பற்றித் தொழில் பக்கங்களில் முதலீட்டுத் தொகையும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையும் வருகின்றன. இவர்கள் இரவில் என்ன கதை பேசுகிறார்கள் என்பது எங்கும் வருவதில்லை.

நூலாசிரியருடைய அறைக்குப் போனோம். ஒரே அறையில் நான்கு பேர், வெவ்வேறு ஷிஃப்ட். ஒருவர் எழுந்து போன பாயில் இன்னொருவர் படுக்கிறார். மேசை கிடையாது. எழுதுவதெல்லாம் கைப்பேசியில், கம்பெனி பேருந்தில், போகும்போதும் வரும்போதும். கைப்பேசியை ஷாப் ஃப்ளோருக்குள் விடமாட்டார்கள் என்பதால் வேலை நேரத்தில் தோன்றும் வாக்கியத்தை எட்டு மணி நேரம் மனதிலேயே வைத்திருக்க வேண்டும். "எட்டு மணி நேரம் மறக்காம நிக்கிற வரிதான் சார் நல்ல வரி. மத்ததெல்லாம் தானா உதுந்துடும்" என்றார். எழுதச் சொல்லித்தரும் பட்டறைகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடப் பயனுள்ள விதியை எங்கும் கேட்டதில்லை.

அவருடைய உரைநடை எங்கிருந்து வந்தது என்பது அவர் வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குத் தெளிவானது. ஷிஃப்ட் மாறும்போது எழுதிக் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று உண்டு. மணி என்ன, எந்த மெஷின், என்ன ஆனது, யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள். விபத்து நேராமல் தப்பிய சம்பவங்களுக்குத் தனியாக 'நியர் மிஸ்' படிவம். அந்தக் கட்டங்களில் 'பயங்கரமான', 'மயிர்க்கூச்செறியும்', 'அமானுஷ்யமான' என்று எழுத இடமில்லை. எழுதினால் சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவர் ஆண்டுக்கணக்கில் அதை எழுதிப் பழகியவர். நல்ல பேய்க்கதைக்கு வேண்டியதும் அதே ஒழுங்குதான். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், நேரத்தோடு சொல்ல வேண்டும், பயத்தை வாசகரிடம் விட்டுவிட வேண்டும்.

நான் முதலில் படித்த கதை அப்படித்தான் இருந்தது. இரவு 2.40க்கு ஒரு பவர் பிரஸ் நின்றுபோகிறது. கோளாறைக் காட்டும் 'ஆண்டான்' விளக்கு சிவப்பாகிறது. பிரஸ்ஸின் முன்னால் லைட் கர்ட்டன் என்றொரு பாதுகாப்புக் கருவி இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் போய்க்கொண்டிருக்கும். அதைக் கையோ உடம்போ மறித்தால் பிரஸ் நின்றுவிடும். கதையில் ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறான். மெஷின் தானாக ஓடும் முறையில் இருக்கிறது. அருகே யாரும் இல்லை. ஆனாலும் கதிர் மறிக்கப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு கதை முழுவதும் ஒரு 'ஒய்-ஒய்' படிவம். கோளாறு வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கும் முறை அது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பரப்பியது. இன்று இந்த வட்டாரத்து ஆலைகளில் இருபது வயதுப் பையனுக்கும் மனப்பாடம். பிரஸ் ஏன் நின்றது? லைட் கர்ட்டன் வெட்டுப்பட்டது. ஏன் வெட்டுப்பட்டது? ஏதோ உள்ளே வந்தது. ஏன் வந்தது? டையில் தகடு கோணலாக உட்கார்ந்திருந்தது, அதை நேராக்க வந்தது. இப்படியே மூன்று கட்டம் நிரம்புகிறது. நான்காவதில், வந்தது ஒரு கை. ஐந்தாவது ஏனுக்கான கட்டத்தில் யாரோ ஒரு டோக்கன் எண்ணை எழுதியிருக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் வேலையைவிட்டுப் போன ஒப்பந்தத் தொழிலாளியின் எண் அது. அந்த பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் மாட்டியதே அவன் கை போன பிறகுதான் என்று கதை கடைசியில் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அக்கா தாளைப் புரட்டிய பின் வரும்படி தள்ளிவைத்த வாக்கியம் அதுதான்.

இந்தக் கதையில் பேய் யாரையும் பழிவாங்குவதில்லை. கோணலான தகட்டைச் சரிசெய்ய வருகிறது, அவ்வளவுதான். வேலைப் பழக்கம் துண்டான பிறகும் கையை விடவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது அந்த இடத்தில்தான். சேஃப் இன் இந்தியா அறக்கட்டளை 2019 முதல் வெளியிட்டுவரும் 'க்ரஷ்டு' அறிக்கைகள், வாகன உதிரிபாகத் தொழிலில் விரலும் கையும் இழக்கும் தொழிலாளர்களைப் பற்றியவை. பெரும்பாலும் வட மாநிலத் தொழில்பேட்டைகளில் திரட்டியவை. விரல்களை அதிகம் வாங்குவது பவர் பிரஸ்தான் என்று அவை திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அறிக்கை சொல்வதைக் கதையும் சொல்கிறது. அறிக்கையைப் படிக்காத ஒருவரும் கதையைப் படிப்பார்.

தொகுப்பில் எல்லாக் கதையும் இந்தத் தரத்தில் இல்லை. ஏரியைத் தூர்த்த மனையில் அறை எடுத்தவன் வீட்டுத் தரையில் இரவில் மதகு திறக்கும் சத்தம் கேட்கும் கதை நன்றாக இருக்கிறது. ஒடிசா பையன் ஒருவன் தன் ஊர்ப் பேயை ஒரகடத்துக்கு அழைத்துவரும் கதை பாதியில் திணறுகிறது. முதல் கைப்பிரதியில் பாழடைந்த பங்களா, ஊட்டி எஸ்டேட், மழையில் நின்றுபோகும் கார் என்று நான்கைந்து கதைகள் இருந்தனவாம். திரைப்படத்திலிருந்து வந்தவை. அவர் இதுவரை எஸ்டேட் எதையும் பார்த்ததில்லை. அவற்றை அவரே எடுத்துவிட்டார்.

தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலத்தில் பி.டி.சாமி அந்த வகைக்கே வாசகர்களைச் சேர்த்துவைத்திருந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் கிராமத்துக் காவல் தெய்வங்களைத் தொலைக்காட்சித் தொடர் வரை கொண்டுபோனார். ஆனாலும் 1940களில் வந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கக் காரணம், அது ஒரு சாதாரண வீட்டுக்குள் நடக்கிறது. வேலைக்கு வந்து தங்கும் ஒரு பெண், சந்தேகப்படும் கணவன், நம்பும் மனைவி. பேய்தானா என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. அடுக்களை அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் சந்தேகம் அவ்வளவு உறைக்கிறது. பிரஸ் ஷாப்பைத் துல்லியமாக அறிந்த ஒருவர் பங்களாவுக்கு ஏன் போக வேண்டும்?

பங்களாக்களை எடுக்கவைத்தது யார் என்று கேட்டேன். தங்கை என்றார். அவர் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறார். இங்கே அத்தகைய விடுதிகள் பெருகிவிட்டன. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது மட்டுமே 18,720 பேர் தங்கக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தோம். அட்டைப்படமாக அண்ணன் கணினியில் உருவாக்கி வைத்திருந்த படத்தைத் தங்கை எனக்குக் காட்டினார். வெள்ளைப் புடவை, விரிந்த கூந்தல், சிவந்த கண்.

"ஏண்ணா, உன் கதையில வர்ற பேயெல்லாம் பொம்பளையாவே இருக்கு? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வெள்ள டிரஸ் போட்டு நாங்க நடந்து வந்தா, பயப்படுறது நாங்களா, ரோட்டுல நிக்கிறவனா?" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. பெண் பேய் வரும் ஒரு கதையைத் திருத்தி எழுதியிருக்கிறார். இப்போது அதில் பேய் இல்லை. பேருந்து இறங்கும் இடத்திலிருந்து விடுதி வாசல் வரை பின்னால் கேட்கும் ஒரு பைக் சத்தம் மட்டும் இருக்கிறது. தொகுப்பிலேயே அதிகம் பயப்பட வைப்பது அது.

தங்கை விடுதிக் கதைகளையும் சொன்னார். ஆள் இல்லாத கட்டில் ஆடுவது, கழிவறையில் தானே திறக்கும் குழாய், ஒரு பெண் அலறினால் அந்த மாடி முழுக்க அலறுவது. கேட்கும்போது மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட மலேசிய ஆய்வு நினைவுக்கு வந்தது. 1970களில் அங்கே மின்னணு ஆலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆவியைக் கண்டதாகக் கத்துவார், பக்கத்திலிருப்பவர்களும் கத்துவார்கள், உற்பத்தி நின்றுவிடும். நிர்வாகங்கள் மந்திரவாதியை வரவழைத்து ஆடு கோழி வெட்டிச் சாந்தி செய்தன. வாய்விட்டுச் சொல்ல முடியாத எதிர்ப்பு ஆவியின் வழியாக வெளிவந்தது என்று ஓங் எழுதினார். நான் இதைச் சொன்னதும் தங்கை கேட்ட கேள்வி, "கத்துனதுக்கு அப்புறம் அவங்களுக்கு லீவு குடுத்தாங்களா சார்?"

அட்டை மாறியது. அறைத் தோழர் ஒருவர் எடுத்த புகைப்படம், சிமெண்ட் தரையில் கிடக்கும் ஒற்றை இடக்கைப் பாதுகாப்புக் கையுறை. ஆலைக்குள் படமெடுக்க முடியாது. கையுறையைக் கடையில் வாங்கி, அறை வாசலில் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

மற்ற வேலைகள் விறுவிறுவென்று நடந்தன. டெமி அளவு, 128 பக்கம், பதினாறு பக்க ஃபாரமாக எட்டு ஃபாரம். கைப்பேசியில் குரலால் தட்டச்சிட்ட பகுதிகளில் 'பிணம்' பல இடங்களில் 'பணம்' ஆகியிருந்தது. அதையும் ஒற்றுப்பிழைகளையும் படப்பையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் தந்தார். யூனிகோடில் வந்ததை அக்கா தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் இடம் மாறிவிட்டன. புதிய மென்பொருளில் மறுபடி பக்கம் கட்டினார், கூடுதலாகப் பணம் வாங்கவில்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை நூலாசிரியருக்குச் சொன்னேன். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, நூலாசிரியரே விண்ணப்பிக்கலாம். கிண்டிலில் தமிழ் மின்னூல் போடும் வழி 2016 இறுதியிலேயே திறந்துவிட்டது. இந்திய விற்பனைக்கு எழுபது விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமென்றால், அந்த மின்னூலை வேறெங்கும் தராமல் அமேசானுக்கு மட்டுமே தர வேண்டும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அறைத் தோழர்கள் கைப்பேசியில் படிக்கட்டும் என்று பி.டி.எஃப்.ஐச் சும்மா கொடுக்கப்போகிறார்.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியான ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பியாக வேண்டும். சொந்தப் பதிப்பென்றால் பதிப்பாளர் அவர்தான். "கன்னிமாராவுல எம்புக் இருக்குமா?" இருக்கும் என்றேன். கம்பெனிகளின் பெயர்களை எல்லாக் கதைகளிலிருந்தும் நீக்கிவிட்டார், தன் பெயருக்குப் பதில் புனைபெயர் வைத்திருக்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது.

கடைசியில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு மிஞ்சியது. புளியமரத்து மோகினி கதையை எடுத்துவிடும்படி சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வரும், கால் தரையில் படாது, ஆயிரம் முறை கேட்டது. இந்தத் தொகுப்பின் மற்ற கதைகள் சம்பாதித்த நம்பிக்கையை அது செலவழித்துவிடும் என்பது என் எண்ணம். அவர் பொறுமையாகக் கேட்டார். "அது எங்க ஆயா சொன்னது சார். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அவங்க சொன்ன கதை ஒண்ணாவது அச்சுல வரணும்." பணம் அவருடையது, புத்தகம் அவருடையது. முதலில் 100 பிரதிகள் டிஜிட்டலில் அச்சாகின்றன, விற்றால் ஆஃப்செட்டில் 500. மோகினி கதை எட்டாவது ஃபாரத்தில் இருக்கிறது.