நிரல் நூலகமும் பங்குக் கிணறும்

யாழ்ப்பாணத்தார்க்கு நூலகம் என்னும் சொல் வெறுஞ் சொல்லன்று. 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்திற் சிறிய அளவில் தொடங்கிய இரவல் நூலகம், நாளடைவிற் பொது நூலகமாய் வளர்ந்து, 1981ஆம் ஆண்டில் எரியுண்டு, மீண்டும் எழுந்து நிற்கின்றது. நகரத்திற்கு ஒரு பெரிய நூலகம் உண்டெனில், ஊர் தோறும் சனசமூக நிலையம் ஒன்று உண்டு. காலையிற் பத்திரிகையை விரித்து நான்கு பேர் நான்கு தாளாய்ப் பகிர்ந்து படிக்கும் அந்த வாங்குகளில் அமர்ந்து வளர்ந்தவர்களே நம்மிற் பலர்.

இக்காலத்துக் கணினி மாணவரும் நூலகம் என்றொரு சொல்லை வழங்குகின்றனர். நிரல் நூலகம் என்பது அது. இணையப் பக்கம் ஒன்றை அமைப்போன், அதன் ஒவ்வோர் உறுப்பையும் தானே எழுதவேண்டுவதில்லை. கதவு செய்யும் தச்சர் பிணைச்சலையும் ஆணியையும் தாமே உருக்கி வார்ப்பதில்லையன்றோ? பிறர் எழுதிச் செப்பமுறச் செய்து, யாவர்க்கும் பொதுவென வைத்த நிரற்றொகுதியை எடுத்து, வேண்டிய இடத்திற் பொருத்திக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேகுவெரியும், 2011ஆம் ஆண்டில் டுவிட்டர் நிறுவனத்துப் பொறியியலாளர் இருவர் வெளியிட்ட பூட்ஸ்ட்ராப்பும் இவ்வகையின. காசு கொடுக்க வேண்டுவதில்லை. உரிமக் குறிப்பை அகற்றாது வைத்திருத்தல் ஒன்றே அவை கேட்கும் கைம்மாறு. அந்தச் சிறு குறிப்பையும் நம்மவர் சிலர் வெட்டியெறிந்துவிட்டுத் தம் பெயரை அங்கே பொறித்துக்கொள்கின்றனர். அதனை நாம் மெச்சுவதற்கில்லை.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திற்கு இணையப் பக்கம் ஒன்று அமைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, எங்கள் ஒழுங்கையிலுள்ள மாணவன் ஒருவன் அப்பொறுப்பை ஏற்றான். மெய்ப்புப் பார்க்கும் வேலை நம் தலையில் விழுந்தது. பூட்ஸ்ட்ராப்பின் துணைகொண்டு இரண்டு மாலைப் பொழுதில் அவன் பக்கத்தை நிறுத்திக் காட்டினான். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆயினும் உற்று நோக்கியபோது ஒன்று புலப்பட்டது: அச்சட்டகம் ஆங்கிலத்திற்கு வெட்டிய சட்டை. தலைப்புகளின் வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவின் 1.2 மடங்காகவே அதில் வைக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்திற்கு அது போதும். நம் மொழியிலோ, கீழே இறங்கும் ‘ழு’வும் ‘நூ’வும் ஒரு வரியிலும், மேலே சுழியும் ‘கீ’யும் ‘றி’யும் அடுத்த வரியிலும் வந்தால் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. சாய்வெழுத்தும் அவ்வாறே. தமிழெழுத்திற்கு மரபிற் சாய்வு வடிவம் இல்லை. கருவி அதனை வலிந்து சாய்க்கும்போது காற்றில் அகப்பட்ட பயிர்போல் ஆகிவிடுகின்றது. மாணவன் இடைவெளியைக் கூட்டினான். சாய்வை நீக்கித் தடித்த எழுத்தை இட்டான். நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் பொது உரிம எழுத்துருவைத் தேர்ந்துகொண்டான். அவ்வளவில் அது தீர்ந்தது.

தீராத சங்கதி வேறொன்று. நிலையத்தின் பழைய ஆண்டு மலர்கள் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அழிந்துபோயின. அவற்றுள் ஒன்றைக் கனடாவிற் குடியேறிய ஊரவர் ஒருவர் பேணி வைத்திருந்து, பிற்காலத்திற் கணினியில் முழுவதையும் தாமே தட்டச்சுச் செய்து, இறுவட்டிற் பதிந்து அனுப்பியிருந்தார். அவ்விறுவட்டைத் திறந்தபோது திரையில் எழுந்தவை ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் மட்டுமே. நாம் திகைத்து நிற்க, “ஐயா, இது எழுத்துப் பிழையன்று; எழுத்துருப் பிழை” என்றான் மாணவன்.

பாமினி என்னும் எழுத்துருவை ஈழத்தும் புலம்பெயர் நாடுகளிலும் அறியாதார் குறைவு. ஒரு காலத்தில் நம் பத்திரிகைகளும் அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் பெரும்பாலும் அதிலேயே உருவாயின. ஆனால் அஃது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை மாட்டிவைத்த ஏற்பாடு. தமிழ் என்னும் சொல்லைப் பாமினியில் அடித்தால், கணினி தன் நினைவிற் பொறித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. முகமூடி கழன்றதும் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவியும் அந்த ஆங்கிலத்தையே ஒலிக்கும். யூனிகோடு முறையோ தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனியே எண் அளிப்பது. 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடமிருந்தது. எனினும் நம்மவர் பரவலாக அதற்கு மாறப் பல்லாண்டுகள் சென்றன.

இதற்கும் நூலகம் உண்டு. பைத்தன் மொழியில் எழுதப்பெற்ற ஓப்பன்-தமிழ் என்னும் தொகுதி பழைய குறியேற்றங்களை யூனிகோடுக்கு மாற்றவல்லது. எழுத்தெண்ணவும் அறிந்தது. யாழ்ப்பாணம் என்னும் சொல்லில் எழுத்தெத்தனை என்று பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்னும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டாற் பதினொன்று என்னும். ஏனெனில் அது காலையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகின்றது. பெயருக்கு இத்தனை எழுத்தே இடமென வரையறுத்த இணைய விண்ணப்பங்களில் நம்மவர் பெயர்கள் பாதியில் அறுந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துகளை எண்ண இக்கால உலாவிகளிலேயே ஏற்பாடு வந்துவிட்டது. அதைத் தேடிப் பயன்படுத்துவோர் தாம் அரியர்.

மலர் முழுவதும் சில நொடிகளில் யூனிகோடாயிற்று. பக்கம் இணையத்தில் ஏறிய மறுவாரம் இலண்டனிலிருந்து ஓர் அம்மையார் நிலையத்திற்கு எழுதினார். நிலையத்தின் தொடக்க காலத் தலைவருள் ஒருவர் அவருடைய தகப்பனார். அவரைப் பற்றிய குறிப்பு அம்மலரில் இருந்ததை அம்மையார் சிறுமியாய் இருந்த காலத்திற் படித்திருக்கின்றார். வீட்டிலிருந்த படங்களும் கடிதங்களும் போனபின் அவரைப் பற்றி எஞ்சியது அந்தக் குறிப்பொன்றே. இப்பொழுது பெயரை இட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. நீக்கிவிட்டீர்களா என்பது அவர் வினா.

குறிப்பு அங்கேதான் இருந்தது. நாமே அதைக் கண்ணாற் படித்திருந்தோம். தட்டச்சுச் செய்தவர் ‘ர்’ வரும் இடமெங்கும் காலை இட்டு, அதன்மேற் புள்ளி வைத்திருந்தார். பழைய அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் ஆகலின் அவரைக் குறை சொல்வதற்கில்லை. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வெவ்வேறு. தகப்பனார் பெயரின் ஈற்றிலோ ‘ர்’.

காலுக்குமேற் புள்ளி தமிழில் எங்கும் வாராது. ஆதலின் அதைக் கண்ட இடமெல்லாம் ‘ர்’ ஆக்கு என்று ஒற்றை வரியில் மாணவன் விதி எழுதினான். அவ்வளவிற் பெயர் அகப்பட்டது. அம்மையார் அன்றிரவே மறுமொழி எழுதினார். அதனை இங்கே எடுத்தெழுதுவது முறையன்று.

ஔகாரத்தின் கதை இத்துணை எளிதன்று. கௌரி என்பதும், கொம்பும் ளகரமும் சேர்ந்த கெளரி என்பதும் பழைய எழுத்துருவில் ஒரே வடிவம். கொம்பும் ளகரமும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கினால் வெள்ளையும் தெளிவும் சிதையும். ‘வௌியீடு’ என்னும் உருவம் இணையமெங்கும் திரிவது இவ்வாறு வந்த வினையே. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வரின் விட்டுவிடு, அல்லவெனின் ஔகாரமாக்கு என்று விதியைத் திருத்திய பின்னும், சந்தேகமான இடங்களைக் கண்ணாற் பார்க்க ஆள் வேண்டியதாயிற்று. கருவி செய்யும் வேலைக்கு எல்லை அங்கே.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் இங்கு இன்னொன்று கூறவேண்டும். நம் ஊர்களிற் பங்குக் கிணறு உண்டு. பலர்க்கும் உரிமை, பலரும் முறைவைத்து இறைப்பர். நிரல் நூலகமும் அத்தகையது. ஆனால் கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ளும் நாளில் எத்தனை பேர் வருகின்றனர்? 2014ஆம் ஆண்டில், இணையத்தின் பெரும்பகுதியைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகத்திற் பெரும் ஓட்டை கண்டபோதுதான், அதைப் பேணிவந்தோர் ஒரு சிலரே என்பதை உலகம் அறிந்தது. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் ஒருவர் தாம் எழுதிய பதினொரு வரி நிரலைப் பிணக்கொன்றின் காரணமாகப் பொதுக் களஞ்சியத்தினின்று எடுத்துவிட, அதனை நம்பியிருந்த பல்லாயிரம் திட்டங்கள் தடைப்பட்டன. சொல்லின் இடப்புறத்தை நிரப்புவது தவிர அந்நிரல் வேறொன்றும் செய்வதில்லை! 2024ஆம் ஆண்டிலோ, பொலிபில் என்னும் சேவையின் முகவரி கைமாறியபின், அங்கிருந்து நேரே நிரலைப் பெற்றுவந்த இலட்சத்திற்கு மேற்பட்ட தளங்கள் வழியே தீய நிரல் பரவியது.

ஆகவே நிலையத்தின் பக்கத்திற்கு வேண்டிய நூலகங்கள் யாவற்றையும் அயற் சேவையகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் அழைப்பதை விடுத்து, பிரதி செய்து நம்மிடமே வைத்துக்கொண்டோம். எழுத்துருவும் அவ்வாறே. இணைப்பு அறுந்த வேளையிலும் நிலையத்துக் கணினியில் மலரைத் திறந்து படிக்கலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பு உண்டா என்று பார்த்து மாற்றவேண்டும். இதற்கெனச் சுவரில் நாட்காட்டி தூங்குகின்றது. மாணவன் எழுதிய திருத்த விதிகளும் பொது உரிமத்துடன் எவரும் எடுக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒரு வழுவைச் சுட்டி நாம் அறியாத ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கின்றார்.

ஔகாரச் சந்தேகங்களை இளைப்பாறிய ஆசிரியர் இருவர் ஞாயிறு காலைகளில் நிலையத்தில் அமர்ந்து தீர்த்துவருகின்றனர். மலரில் இன்னும் பன்னிரண்டு பக்கங்கள் உள்ளன.