பெட்டியடியிற் கிடந்த தாள்

எல்கடுவையிலே குளிர் யாருக்குத்தான் இல்லை? பனிமூட்டம் மலையை விட்டு இறங்காத மாதங்களில் கம்பளியும் சாயத் தேநீருமே எங்களுக்குக் காப்பு. ஆகையால், என் தமக்கை வெயிற் பொழுதிலும் போர்வையை விடாதிருந்ததை வீட்டார் எவரும் நோயென்று எண்ணவில்லை. கூந்தல் உதிர்ந்தது, குரல் தடித்தது, முகம் ஊதியது. கொழுந்தின் நிறை குறைந்து, பல நாட்கள் அரைப் பேரோடு திரும்பினாள். "அக்காவுக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று நானே ஒருமுறை சிரித்துச் சொன்னேன். அவளுடைய உழைப்பிலே படித்துப் பட்டம் பெற்றவன் நான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

இரத்தம் சோதித்து, "இரத்தம் போதாது" என்றார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வார்த்தை, பெரும்பாலும் உண்மையுங்கூட. இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை ஓராண்டு விழுங்கினாள். சோர்வு தீரவில்லை. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற விறுவிறுப்பு வேறு சேர்ந்துகொண்டது.

பின்னர் மாத்தளையில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். துணிப்பெட்டியின் அடியிலே மடிந்து கிடந்த முதற் பரிசோதனைத் தாளையும் எடுத்துப் போயிருந்தோம். அவர் ஈமோகுளோபின் எண்ணோடு நில்லாமல், கீழ்வரி ஒன்றில் விரலை வைத்தார். சிவப்பணுவின் பருமன் 106. மிஞ்சினால் 100 இருக்கலாம். "மாஸ்டர், இரும்புக் குறைவு மட்டும் என்றால் இவை சிறுத்தல்லவா இருக்கவேண்டும்? பெருத்திருக்கின்றனவே!" என்றார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களை வரி விடாமல் திருத்துகிற எனக்கு, வீட்டிலிருந்த அந்த ஒரு தாளை வாசிக்கத் தோன்றவில்லை.

மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ரி.எஸ்.எச்., தைரொக்சின், தைரொயிட் எதிர்ப்பொருள், விற்றமின் பீ 12, பெரிட்டின் யாவும் பார்க்கப்பட்டன. ஏறக்குறைய 4க்குள் அடங்கவேண்டிய ரி.எஸ்.எச். 46 ஆக நின்றது. பீ 12 மிகத் தாழ்ந்திருந்தது. தைரொயிட் தளரத் தளர, மூளையடியிலுள்ள கபச்சுரப்பி ரி.எஸ்.எச்.சைக் கூட்டிக் கூட்டி அனுப்புமாம். வேலை ஓடாத மலையிலே கங்காணியின் அதட்டல் உயர்வது போல.

"கழுத்திலே வீக்கமில்லையே, ஐயா?" என்று கேட்டேன். முன்னாளில் நம் நாட்டின் ஈரவலயத்திலே தொண்டைக் கழலை மலிந்திருந்தது. உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமான பின் அது பெரிதும் குறைந்தது. ஆனால், உடலின் காவற்படையே தைரொயிட்டைத் தாக்கும் நோயை உப்பு தடுக்காது. ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய் அது, வீக்கமின்றியும் வரும். உடல் பீ 12ஐ ஏற்காத நோயும் சிலருக்கு அதனோடு கூடி வருவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், இரத்தம் சற்றுத் தேறும். நரம்புக் கேடோ மறைவிலே வளரும்.

ஊசியும் தைரொக்சின் மாத்திரையும் தொடங்கி, ஆறு வாரங்களில் மறுபடி சோதித்தார்கள். எண் இறங்கியிருந்தது. அக்காளின் குரலும் பழைய குரலாகி வருகிறது. தாள்களெல்லாம் இப்போது திகதி வாரியாக என் மேசையில்.

மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, ஒரு மணி நேரம் தேநீர் தொடக்கூடாதென்பது கட்டளை. தேயிலை மலையிலே பிறந்தவளுக்கு இதுதான் பெரிய பத்தியம். விடியலில் அடுப்படியில் அமர்ந்து, கேத்தலையே பார்த்தவண்ணம் கேட்கிறாள்: "இன்னும் எத்தனை நிமிஷம், தம்பி?"