கூட்டம் எழுதும் தீர்ப்பு



தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை மல்யுத்தத்தின் முடிவுகள் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை என்பதை இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளே அறிவார்கள். எவர் வெல்வார், எவர் நாயகன், எவர் வில்லன் என்பதையெல்லாம் நிறுவனம் எழுதி வைக்கிறது. ஆயினும் அந்த எழுத்துக்கு அடங்காத ஒன்று அங்கே உண்டு. அது இருக்கைகளில் அமர்ந்திருக்கும் ஜனக்கூட்டம். வளர்ந்துவரும் ஒரு வீரரை அந்தக் கூட்டம் எதைக் கண்டு நாயகனாக ஏற்றுக்கொள்கிறது? இதை அறிய ஸ்டீவ் ஆஸ்டின் என்பவரின் காரியத்தைக் கவனியுங்கள். நம்முடைய வேதத்தின் பெயரும் அதில் இழுக்கப்பட்டிருக்கிறது.

1995 ஆம் ஆண்டு, காயத்தோடு ஓய்வில் இருந்த ஆஸ்டினை அவர் பணியாற்றிய நிறுவனம் நீக்கியது. பின்பு அவர் டபிள்யூ டபிள்யூ எஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இட்ட 'ரிங்மாஸ்டர்' என்ற பெயரில் உயிரில்லை. இரக்கமற்ற வில்லனுக்கு ஏற்ற பெயரொன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த அவருடைய அப்போதைய மனைவி, தேநீர் முற்றிலும் ஆறிப்போகுமுன் குடிக்கும்படி சொன்ன வார்த்தையிலிருந்தே 'ஸ்டோன் கோல்ட்' பிறந்தது. (பெரிய பெயர்கள் சமையலறையிலும் பிறக்கின்றன!)

1996 ஜூன் 23, மில்வாக்கி நகரம், 'கிங் ஆஃப் தி ரிங்' இறுதிப் போட்டி. எதிரே நின்றவர் ஜேக் ராபர்ட்ஸ். குடியாலும் போதையாலும் சீரழிந்து, விசுவாசத்துக்குத் திரும்பி, வேத வசனங்களைப் பேசுகிறவராக அரங்குக்கு வந்தவர் அவர். அந்தப் பாத்திரம் அவருடைய சொந்த வாழ்விலிருந்தே எடுக்கப்பட்டது. அன்றைய முந்தைய போட்டியில் உதடு கிழிந்து, மருத்துவமனையில் தையல் போட்டுத் திரும்பிய ஆஸ்டின் அவரை வென்றார். வென்றபின் அவருடைய சங்கீதங்களையும் யோவான் 3:16-ஐயும் ஏளனம் செய்து, 'ஆஸ்டின் 3:16' என்று தம் பெயரால் ஒரு வசனத்தையே உண்டாக்கிக்கொண்டார். வில்லன் பேசவேண்டிய பேச்சுத்தான். ஆனால் கூட்டம் அதை விரும்பியது. அந்த எழுத்துகள் பொறித்த கறுப்புச் சட்டைகள் ஏராளமாக விற்றன.

எனக்கு அந்த ஏளனம் உவப்பானதன்று. எனினும் ஜனங்கள் வேதத்தை வெறுத்தார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். அதே ஆண்டு நவம்பரில், ராக்கி மாய்வியா என்னும் புன்னகை மாறாத இளைஞரை நிறுவனம் நாயகனாக முன்னிறுத்தியது. சில மாதங்களுக்குள் அரங்கங்கள் அவரைக் கடுமையாகப் பழித்தன. 'இவன் நல்லவன், கைதட்டுங்கள்' என்று பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கூட்டம் அது.

அடுத்த வசந்தகாலத்தில் அந்தக் கூட்டம் தன் தீர்ப்பை வெளிப்படையாகவே எழுதியது. 1997 மார்ச் 23, சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில் 'ரெஸ்ல்மேனியா 13'. ஒருபுறம் கனடா தேசத்தவரான பிரெட் ஹார்ட். தம்முடைய கண்ணாடியைக் கழற்றி முன்வரிசைப் பிள்ளைக்கு அணிவிக்கும் வழக்கமுடைய நாயகன். மறுபுறம் வில்லன் ஆஸ்டின். எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போதுதான் வெற்றி. ஹார்ட் தம்முடைய 'ஷார்ப்ஷூட்டர்' பிடியில் ஆஸ்டினின் கால்களைப் பின்னி முதுகை வளைத்தார். நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்து ஆஸ்டினின் முகத்தை மூடியது. அலறினார், தப்பத் துடித்தார். 'போதும்' என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் நினைவிழந்தார். நடுவர் கென் ஷாம்ராக் போட்டியை நிறுத்தினார். வென்ற ஹார்ட்டோ, கிடந்தவரை மறுபடியும் தாக்கத் தொடங்கினார். ஷாம்ராக் அவரைப் பற்றி இழுத்தெறிய வேண்டியதாயிற்று. பழிப்புக் கூச்சலின் நடுவே ஹார்ட் வெளியேறினார். ஆஸ்டின் ஒருவர் துணையும் இன்றி நொண்டி நடந்தார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது.

சிநேகிதரே, அந்த இருபது நிமிடங்களில் ஆஸ்டின் எவ்விதத்தில் நல்லவரானார்? மனம் வருந்தவில்லை. நாவை அடக்கவில்லை. விழுந்தும் பணியாத ஒருவரையும், விழுந்தவரை அடிக்கும் ஒருவரையும் ஜனங்கள் அருகருகே கண்டார்கள், அவ்வளவே. வாயால் சொல்லப்பட்ட நன்மையைவிடக் கண்ணால் கண்ட பாடு அவர்களை அசைத்தது. அது மெய்யான ஈர்ப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சகிப்பைக் கண்டவுடன் குணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு எளிது! நம் பிள்ளைகளில் ஒருவனை 'தேறுவான்' என்றும் மற்றொருவனை 'தேறமாட்டான்' என்றும் நாம் பிரிப்பது எதைப் பார்த்து?

அந்தத் தீர்ப்பும் எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 6 அன்று இருவரும் ஹார்ட்டின் சொந்த ஊரான கால்கரியில் எதிரெதிரே நின்றார்கள். அங்கே ஹார்ட்டுக்கு ஆரவாரம், ஆஸ்டினுக்குப் பழிப்பு.

2001 ஏப்ரல் 1 அன்று, ஆஸ்டினை மீண்டும் வில்லனாக்க நிறுவனம் தீர்மானித்தது. ஹூஸ்டன் நகரில், தம்முடைய பரம விரோதியான முதலாளி வின்ஸ் மெக்மஹனின் துணையோடு அவர் தம் எதிராளியை நாற்காலியால் அடித்து வீழ்த்தி, பின்பு அந்த முதலாளியின் கையைக் குலுக்கினார். அடிபட்டுக் கிடந்தவர், முன்பு பழிக்கப்பட்ட அதே ராக்கி. இப்போது 'தி ராக்' என்னும் பெயரில் ஜனங்களின் நாயகன். டெக்சாஸோ ஆஸ்டினின் சொந்த மாநிலம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். அந்த முடிவு தவறென்று பின்னாளில் ஆஸ்டினே சொன்னார். அந்த இரவிலோ, துரோகத்தைக் கண்ணாரக் கண்ட பின்பும் அநேகர் அவருக்குக் கைதட்டினார்கள்.