வெள்ளைச் சாரியும் கண்டிக் கல்யாணமும்

கிழக்கிலிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் பயணித்திருக்கிறீர்களா? மலை தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள். கீழே மகாவலிப் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும். 2016இல் அந்த அழகை ரசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்துச் சிங்கள நண்பரின் தங்கைக்குக் குண்டசாலையில் கல்யாணம். எனக்கு வெள்ளை ஜுப்பா. மனைவிக்கும் வெள்ளைச் சாரி, வெள்ளை முக்காடு என்று நானே எடுத்து வைத்தேன். வெள்ளையே சிறந்த உடை என்று மத்ரஸாவில் ஓதியவனல்லவா!

"இஞ்ச பாருங்க, இத்தா இருக்கிற பொம்புள மாதிரியா என்னைக் கூட்டிப் போறீங்க?" என்றாள்.

"அவர்களுக்கு நம்முடைய வழக்கம் எங்கே தெரியப் போகிறது" என்று வாயை அடைத்துவிட்டேன். அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை.

அன்றிரவு மடவளையில் உறவினர் வீட்டில் தங்கினோம். காலையில் எங்களைப் பார்த்த மச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டேன்.

குண்டசாலைச் சந்தியில் முச்சக்கர வண்டிக்காரரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில், "இஸ்கோல மாத்தயாகே கெதர" என்றேன். எங்களை மேலும் கீழும் பார்த்தவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடிகள். கல்யாணச் சோடனை என்றே எண்ணினேன். உள்ளே பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சாரி. "பார்த்தாயா, நம்மைப் போலவே!" என்று மெல்லச் சொன்னேன்.

அப்போதுதான் நடுவீட்டில் பெட்டியைக் கண்டேன். மௌத்தானவரும் ஓர் ஆசிரியர்.

சிங்களப் பெண்கள் வெள்ளைச் சாரி உடுப்பது மரண வீட்டுக்கும் போயா தினத்தில் பன்சலைக்கும். கல்யாண வீட்டில் வெள்ளை பெரும்பாலும் மணப்பெண்ணுக்கு உரியது. இதையெல்லாம் பிறகுதான் அறிந்தேன்.

வெளியேற வழி தேடி நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதிய அம்மா ஒருவர் என் மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மினார். இவளுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவரை அணைத்தபடி கால்மணி நேரம் நின்றாள். இவள் கண்ணும் நிறைந்திருந்தது.

கல்யாண வீடு அடுத்த ஒழுங்கையில். நண்பரின் தாயார் எங்களைக் கண்டதும் திகைத்தார், பிறகு சிரித்தார். மனைவியைக் கையோடு உள்ளே இழுத்துப் போனார். திரும்பியபோது அவள் உடம்பில் மாதுளம்பழ நிறச் சாரி.

மாப்பிள்ளை நிலமே உடுப்பில் பல யார் துணியைச் சுற்றிக்கொண்டு, உட்கார முடியாமல் நின்றார். மணப்பெண் வெள்ளை ஒசரியில், கழுத்தில் ஏழு மாலைகள். பொருவ மேடையில் இருவரின் சின்னவிரல்களையும் நூலால் கட்டிப் பெரியவர் ஒருவர் தண்ணீர் வார்த்தார். வாழ்த்துப் பாடிய சிறுமிகளும் வெள்ளை உடையில்தான் நின்றார்கள். "இதோ, இவர்களும்..." என்று தொடங்கினேன். மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

எங்களுக்கென்று முஸ்லிம் கடையொன்றில் புரியாணி வாங்கி வைத்திருந்தார்கள். சாரியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் தாய் வாங்கவே இல்லை.

பெருநாளுக்கு அதைத்தான் இன்றும் உடுக்கிறாள். மடித்து வைக்கும்போதெல்லாம், "அந்த வெள்ளைக்கொடி வீட்டு அம்மா இப்ப எப்படி இருக்காவோ?" என்று கேட்பாள்.