வீழ்ந்தவனைத் தூக்கும் விளையாட்டு

கிளிவெட்டியில் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தோம். நள்ளிரவாகியும் மருமகன் உறங்காது, கைத்தொலைபேசியில் 'பப்ஜி' ஆடிக்கொண்டிருந்தான். "உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, இதுவும் ஒரு விளையாட்டா?" என்று கடிந்தோம்.

"2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இதுக்கும் பதக்கம் குடுத்தவை, மாமா. நாலு பேர் ஒரு குழு. ஒருத்தன் விழுந்தால் மற்றவன் ஓடிப்போய் எழுப்ப வேணும்."

அவ்வேளை சிங்களக் குரலொன்று உதவி கோரியது. மருமகனும் சிங்களத்திலேயே விடையளித்து, திரையில் விழுந்துகிடந்த தோழனை எழுப்பினான்.

"மாத்தறைப் பெடியன், எங்கட குழு" என்றான்.

போர்க்காலத்தில் வளர்ந்த நாமோ, அவ்வயதில் ஒரு சிங்களச் சிறுவனோடும் விளையாடி அறியோம். சினம் தணிந்தது. ஆயினும் ஆசிரியரல்லவா? "நாளை முதல் பத்து மணியோடு நிறுத்து, அவனுக்கும் சொல்" என்றோம்.