பூட்டாத லாச்சி

"தொடாதே" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் குழந்தையைக் காத்துவிட்டோம் என்று நம்புவது ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு தொழில் வியாதி. இந்நம்பிக்கையை அமெரிக்க வைத்தியர்கள் சிலர் சோதித்துப் பார்த்தனர். 2001 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான 64 சிறுவர்கள், சிறு சிறு குழுக்களாக ஓர் அறையில் விடப்பட்டனர். அங்கிருந்த லாச்சி ஒன்றில் ரவையில்லாத மெய்யான கைத்துவக்கு ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 29 குழுக்களுள் 21 அதனைக் கண்டுபிடித்தன; 16 கையிலெடுத்தன; 10 குழுக்களில் எவனோ ஒருவன் விசையை இழுத்தான். கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை விளையாட்டுச் சாமானென்று எண்ணினர், அல்லது மெய்யானதா என்ற நிச்சயமின்றி இருந்தனர். ஆனால் துவக்கைத் தொட்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், துவக்கைப் பற்றிய அறிவுரையை முன்னரே கேட்டவர்கள்!

அறிவுரை தோற்ற இடத்தில் பூட்டு வெல்லும். இந்த எளிய உண்மையை நடைமுறையிற் கண்டது என் தங்கையின் வீட்டிலேதான்.

யுத்த காலத்து யாழ்ப்பாணத்திலே வளர்ந்தவள் அவள். துவக்கு என்றால் எங்களுக்கு வீதியில் நிற்பது, சோதனைச் சாவடியில் நெஞ்சுக்கு நேரே நீள்வது. அதற்கு அஞ்சி நாங்கள் ஓடி ஒளிந்த இடமே வீடு. கடல் கடந்து அமெரிக்காவிற் குடியேறியபோது, துவக்கை இங்கேயே விட்டுச் சென்றதாக அவள் எண்ணியிருக்கக்கூடும். அங்கே அது அயல்வீட்டுக் கட்டிலருகே, தலையணை உறைகளோடு ஒரு லாச்சியில் இருந்தது.

நான் அவளிடம் சென்றிருந்த நாட்களில், எட்டு வயது மருமகன் புதிய சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு விளையாடப் போக விரும்பினான். தங்கை அச்சிறுவனின் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். "உங்கள் வீட்டில் துவக்கு உண்டா? உண்டென்றால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். எனக்கோ கூச்சமாகப் போயிற்று.

"இதுக்கென்ன வெக்கம், அண்ணை? நாய் கடிக்குமோ எண்டு கேக்கிறேல்லையோ?" என்றாள் அவள்.

மறுமுனையிலிருந்தவள் கோபிக்கவில்லை. துவக்கு உண்டென்றும், லாச்சியில் இருக்கிறதென்றும், பூட்டில்லை என்றும் சொன்னாள். அன்று இரு சிறுவரும் தங்கை வீட்டிலேயே விளையாடினர். அந்தக் கேள்வியைக் கேட்கும்படி அந்நாட்டுக் குழந்தை வைத்தியர்களின் சங்கமே பெற்றோருக்குச் சொல்கிறது. துவக்கில்லாத வீடே பாதுகாப்பானது. இருந்தேயாக வேண்டுமெனில் ரவையை அகற்றித் துவக்கைப் பூட்டுங்கள், ரவையை வேறோரிடத்திற் பூட்டுங்கள் என்பது அவர்கள் கூற்று. கைக்குழந்தைக்கு மட்டுமன்று, பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இது வேண்டும். மனமுடைந்த ஓரிரவில் அப்பிள்ளை தன்னுயிரை மாய்க்க எடுக்கும் துவக்கு பெரும்பாலும் தன் வீட்டிலிருந்ததே. அந்த இரவு கடந்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடக்கூடும்.

2020 இல் அந்நாட்டில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையானோரில் 4,300 பேருக்கு மேல் துவக்கினால் மாண்டனர். வாகன விபத்தையும் விஞ்சி, இளையோரின் மரணத்துக்கு முதற் காரணமாகத் துவக்கு நின்ற ஆண்டு அது.

இத்தனைக்கும் பின் பழி முழுவதும் தாய் தந்தையர் தலையிலேதானா? 1972 இல் பாவனைப் பொருட்களின் பாதுகாப்புக்கென அங்கே ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். கரடிப் பொம்மையின் கண் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்குமா என்று அது ஆராயலாம். துவக்கை ஆராய அதற்கு அதிகாரமில்லை. 2005 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, துவக்கினால் நேரும் குற்றங்களுக்காக அதைச் செய்தவன்மீதும் விற்றவன்மீதும் தொடரப்படும் வழக்குகளிற் பெரும்பாலானவற்றைத் தடுத்தது. புளோரிடா மாநிலம் 1989 இலேயே, பிள்ளைக்கு எட்டும்படி ரவையேற்றிய துவக்கை வைப்பதைக் குற்றமாக்கிய முதல் மாநிலம். அதே மாநிலம் 2011 இல், "வீட்டில் துவக்கு உண்டா?" என்று வைத்தியர் கேட்பதையே தடுக்கச் சட்டமியற்றிற்று! அத்தடையை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்க 2017 ஆயிற்று. துவக்கை விசைப்பூட்டிட்டோ கழற்றியோ வைக்கவேண்டுமென்ற தலைநகரின் விதியை உச்ச நீதிமன்றம் 2008 இல் தள்ளியது. வீட்டுக்காரன் தற்காப்புக்கு உடனே எடுக்க முடியாதாம்.

இலாபத்துக்கு வயது வரம்பில்லை. குழந்தையின் கைக்கு அளவாக, இளஞ்சிவப்பிலும் நீலத்திலும், 'என் முதல் துவக்கு' என்ற விளம்பரத்தோடு மெய்யான துவக்குகள் அங்கே விற்பனையாகின. 2013 இல் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், தனக்குப் பரிசாகக் கிடைத்த அத்தகைய துவக்கினால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். அது அறை மூலையிற் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு ரவை எஞ்சியிருந்ததைப் பெற்றோர் அறியவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பர் 30 அன்று, பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பள்ளித் தோழர் நால்வரைச் சுட்டுக் கொன்றான். நான்கு நாட்களுக்கு முன் தந்தை வாங்கிய துவக்கு அது. 2024 இல் தாயும் தந்தையும் கொலைக்குற்றம் ஆகாத மரணத்துக்குப் பொறுப்பாளிகளெனக் காணப்பட்டு, தலைக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை பெற்றனர். துவக்கைச் செய்த கம்பனி அக்கூண்டில் ஏறவில்லை. சிறுவர் இருக்கும் வீட்டில் துவக்கைப் பூட்டிவைக்க வேண்டுமென்ற சட்டம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு பெப்ரவரியிலேதான்.