பாக்கி வேண்டுமா, வீடு வேண்டுமா?

கொல்கத்தாவில் வாடகை பாக்கியில் சிக்கிய வீட்டுக்காரர் செய்யவே கூடாத காரியம், கோபத்தில் வாடகையை வாங்க மறுப்பது. சொன்னால் பலர் நம்புவதில்லை. "நாலு மாசம் வாங்காம விட்டா அவனே டிஃபால்டர் ஆயிடுவானே சார்?" என்று மாம்பலத்திலிருந்து போனில் கேட்கிறார்கள். ஆகமாட்டார். குடித்தனக்காரர் மணியார்டர் அனுப்புவார். அது திரும்பி வந்ததும் ரென்ட் கண்ட்ரோலரிடம் பணத்தைக் கட்டத் தொடங்குவார். அந்த நிமிஷம் முதல் அவர் ஒழுங்காக வாடகை கட்டுகிறவர். வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகள் பலவற்றில், சில நூறு ரூபாய் வாடகை இப்படித்தான் வருஷக்கணக்கில் ரென்ட் கண்ட்ரோலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று போனபின் பெற்றவர்களும் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வாடகை வசூல், ரிப்பேர், கார்ப்பரேஷன் வரி எல்லாம் அதில் சேர்த்தி. வாடகை நின்றுவிட்டது என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?"

காரணம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் 1997ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2001 ஜூலையில் அமலுக்கு வந்தது. கொல்கத்தா, ஹௌரா மாநகராட்சிப் பகுதியில் குடியிருப்புக்கு மாதம் 6,500 ரூபாய் வரை, கடை, ஆபீஸுக்கு 10,000 வரை வாடகை இருந்தால் குடித்தனக்காரருக்கு அந்தச் சட்டம் காவல். அதற்கு மேல் போனால் சொத்து மாற்றச் சட்டமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும்தான் பேசும்.

காவல் உள்ளவர் மேல், பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாத வாடகை நின்றால் வழக்குப் போடலாம். ஆனால் சம்மன் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் பாக்கியை 10 சதவீத வட்டியோடு கட்டி, பிறகு மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவந்தால், வாடகை பாக்கி என்ற காரணத்துக்காக அவரைக் காலி செய்ய வைக்க முடியாது. இந்தச் சலுகை கிடைத்த பிறகு மறுபடி நாலு மாதம் நிறுத்தினால்தான் அது பறிபோகும். கெடு தவறியவர் பாடு வேறு. அந்த ஒரு மாதத்தைக் கோர்ட் நினைத்தாலும் இழுத்துத் தர முடியாது என்று 2019இல் பிஜய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இந்த வழக்கு பெரும்பாலும் பாக்கியை வாங்கித் தரும், வீட்டைத் தராது. வீடுதான் வேண்டும் என்றால், சொந்த உபயோகத்துக்குத் தேவை என்பது போல வேறு காரணமும் கையில் இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் நிற்க வைப்பது கணக்கு. பதினைந்தாயிரம் வாடகைக்காரர் ஜூன் மாதம் ஜிபேயில் பத்தாயிரம் போட்டு, வெறுமனே 'ரென்ட்' என்று எழுதுகிறார். அடுத்த மாதம் பன்னிரண்டாயிரம். அப்புறம் "பூஜை முடியட்டும் தாதா" என்கிறார். ஆறு மாதம் போனால் எது எந்த மாதத்து வாடகை என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தொகையில் தகராறு என்று வாதாட அவருக்கு அதுவே போதும். பணம் வந்த அன்றே நான் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுவேன்: "இன்று வந்த 10,000 ஜூன் வாடகையில் வரவு. ஜூனுக்கு இன்னும் 5,000 பாக்கி." ரொக்கமாக ஐந்தாயிரத்துக்கு மேல் வந்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, அடிக்கட்டையில் அவர் கையெழுத்து. இந்தக் கறார் பல பேரை இரண்டாம் மாதமே வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

வாடகைச் சட்டத்தின் காவல் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். இங்கே ஒரு கண்ணி உண்டு. நோட்டீஸ் கெடு முடிந்தபின் வருகிற பணத்தை வாடகை என்று எழுதி வாங்கினால், நோட்டீஸையே கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் குடியிருந்ததற்கான ஈட்டுத்தொகை என்று எழுதச் சொல்வேன், அதுவும் வக்கீலைக் கேட்டுக்கொண்டு.

பூட்டை மாற்றுவது, கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது எதற்கும் நான் உடன்பட மாட்டேன். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும், மறுபடி உள்ளே வந்துவிடலாம். அதற்குள் போலீஸ் புகாரும் வந்திருக்கும்.

உடன்பாடுதான் பல இடங்களில் லாபம். வேலை போனவரிடம் மூன்று மாத பாக்கியை விட்டுக்கொடுத்து, அட்வான்ஸைக் கழித்து, காலி செய்யும் தேதியை எழுதி வாங்கி, சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கையும் குறித்துக்கொண்டு முடித்திருக்கிறேன். "ஏமாந்தவன்னு நினைச்சுக்கமாட்டானா?" என்று ஓனர்கள் குமைவார்கள். கேஸ் நடக்கும் வருஷங்களில் நிற்கும் வாடகையையும் வக்கீல் ஃபீஸையும் ஒரு காகிதத்தில் கூட்டிக் காட்டுவேன். குமைச்சல் குறையும்.

பாக்கி வேண்டும் என்றால் தவணைக்குப் பேசலாம், பொறுக்கலாம். வீடு வேண்டும் என்றால் பாக்கியில் கொஞ்சம் போகத்தான் செய்யும். இதை முதல் மாதமே தீர்மானித்துச் சொல்லுங்கள் என்று ஓனர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் முழுசாக வேண்டும் என்று நின்றவர்களின் ஃபைல்கள்தான் என் அலமாரியில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.